மலையாற்றில் நீர் மாறினால் காரணம் மழையா, நிலமா? பிரித்துப் பார்ப்பது எப்படி

கோடையில் மலையாறு வற்றினால் ஒருவர் காட்டழிப்பு என்பார், இன்னொருவர் மழை குறைவு என்பார். தரவைப் பிரித்துப் பார்க்காமல் இதில் எதையும் நம்ப வேண்டாம்.

முதலில் மழையையும் ஆற்று நீரையும் ஒரே அளவுக்குக் கொண்டுவாருங்கள். நொடிக்கு எத்தனை கனமீட்டர் என்பதை 86.4 ஆல் பெருக்கி, நீர்ப்பிடிப்புப் பகுதியின் சதுர கிலோமீட்டரால் வகுத்தால் நாளுக்கு எத்தனை மில்லிமீட்டர் என்று கிடைக்கும். ஜனவரியில் தொடங்காமல், ஆறு மிக வறண்டிருக்கும் மாதத்திலிருந்து ஆண்டைக் கணக்கிடுங்கள், மண்ணில் தேங்கிய நீர் அப்போது கணக்கை அதிகம் குழப்பாது. முப்பது ஆண்டுத் தரவாவது இருந்தால் நல்லது. மழைமானிகள் பெரும்பாலும் பள்ளத்தாக்கில்தான் இருக்கும், உச்சியில் பெய்வது அதில் பதிவாகாது, பனிப்பொழிவைக் காற்று வேறு அடித்துக்கொண்டு போய்விடும். இதை மறந்தவர்கள் நிறையத் தப்பு முடிவுக்கு வந்திருக்கிறார்கள்.

அப்புறம், ஆண்டுதோறும் கூட்டிக்கொண்டே போகும் மொத்த மழையைக் கிடை அச்சிலும், மொத்த நீரோட்டத்தை நெடு அச்சிலும் வரையுங்கள். மழைக்கும் நீரோட்டத்துக்கும் உள்ள விகிதம் மாறாதவரை கோடு நேராகப் போகும். அது எந்த ஆண்டில் வளைகிறதோ அந்தக் காலத்துச் செயற்கைக்கோள் படங்களைப் பாருங்கள், லேண்ட்சாட் படங்கள் 1972 முதல் உண்டு. ஆனால் அளவுமானியை இடம் மாற்றினாலும் கோடு வளையும், மேலே அணை கட்டித் தண்ணீரைத் திருப்பினாலும் வளையும், பனிப்பாறை உருகி மழைக்கணக்கில் இல்லாத நீர் வந்தாலும் மேல்நோக்கி வளையும்.

வளைவு எந்தப் பக்கம் என்பது முக்கியம். அமெரிக்காவின் ஹப்பர்ட் புரூக் ஆய்வுக்காட்டில் 1965 இறுதியில் ஒரு சிறு நீர்ப்பிடிப்பில் மரங்களை முழுக்க வெட்டி, மீண்டும் முளைக்காமல் களைக்கொல்லியும் தெளித்தார்கள், முதல் ஆண்டு நீரோட்டம் சுமார் 40% கூடியது. மரம் உறிஞ்சி ஆவியாக விடும் நீர் ஆற்றுக்கு வந்துவிடுகிறது, அவ்வளவுதான். ஆகவே காடு போய் ஆண்டு மொத்தமும் குறைந்திருந்தால், மழைக்குறைவையோ வெப்பத்தால் கூடிய ஆவியாதலையோ ஆற்றிலிருந்து எடுக்கும் நீரையோ தேடுங்கள். மொத்தம் குறையாமல் கோடை ஊற்று மட்டும் வற்றி, மழைநாள் வெள்ளம் உயர்ந்திருந்தால் மண்ணைச் சந்தேகப்படலாம், சாலையும் மேய்ச்சலும் மண்ணை இறுக்கியிருந்தால் நீர் உள்ளே இறங்காது.

பனி விழும் மலையென்றால், ஆண்டு நீரில் பாதி எந்தத் தேதிக்குள் ஓடி முடிகிறது என்று குறித்துவையுங்கள். அந்தத் தேதி பத்தாண்டுக்குப் பத்தாண்டு முன்னால் நகர்ந்தால் வெப்பமாதலைத்தான் முதலில் பார்க்க வேண்டும், பனி மழையாக மாறுகிறது, விழுந்த பனியும் சீக்கிரம் உருகுகிறது.

ஆற்று நீரோட்டத்தைக் கணினியில் கணக்கிட்டுப் பார்க்கத் தெரிந்தால், அதற்கான ஸ்வாட் (SWAT) போன்ற மென்பொருளில் பழைய நிலத்தைப் புதிய தட்பவெப்பத்தோடு ஒருமுறையும், புதிய நிலத்தைப் பழைய தட்பவெப்பத்தோடு ஒருமுறையும் ஓட்டி, இரண்டையும் பழைய நிலம், பழைய தட்பவெப்பம் தந்த விடையோடு ஒப்பிடுங்கள்.