எதிரே வருபவர் கண்ணுக்கு நீங்கள் தெரிய வேண்டும்: பைக் உடைக்கு நிறம் தேர்ந்தெடுப்பது எப்படி?

பாபநாசத்திலிருந்து கும்பகோணத்துக்கு வேலைக்குப் போய் வரும் சாலை எனக்கு மனப்பாடம். ஒரு நவம்பர் மாலை, தூறலில் கறுப்பு மழைக்கோட்டு அணிந்து வந்துகொண்டிருந்தேன். பக்கவாட்டுச் சந்திலிருந்து ஒரு லாரி பாதி சாலை வரை ஏறி வந்து, கையெட்டும் தூரத்தில் நின்றது. இறங்கி வந்த ஓட்டுநருக்கு என்னைவிடக் கை நடுங்கியது. "தம்பி, பக்கத்தில் வரும்வரை நீங்கள் வருவதே தெரியவில்லை" என்றார். அவர் கவனக்குறைவானவர் அல்லர். மழை, மங்கலான வானம், ஈரத் தார்ச்சாலை, அதன்மேல் கறுப்புக் கோட்டு. எதை வைத்து என்னைக் கண்டுபிடிப்பார்?

அன்று முதல் உடை வாங்கும்போது எனக்குப் பிடித்த நிறம் எது என்று யோசிப்பதை விட்டுவிட்டேன். எதிரே வருபவருக்கு எது தெரியும் என்பதுதான் கேள்வி. புதிதாக பைக் ஓட்டத் தொடங்கியவர்கள் இந்த வரிசையில் செய்து பாருங்கள்.

படி 1: உங்கள் பயணத்தை எழுதிப் பாருங்கள்

ஒரு தாளில் மூன்றே விவரங்கள் போதும். எந்த நேரத்தில் ஓட்டுகிறீர்கள், சாலையின் இருபுறமும் என்ன இருக்கிறது, எத்தனை மாதம் மழையில் போகிறீர்கள். இந்தியச் சாலை விபத்துப் புள்ளிவிவரங்களில் மாலை 6 முதல் 9 மணி வரையிலான நேரமே அதிக விபத்துகள் பதிவாகும் நேரம். வேலை முடிந்து வீடு திரும்பும் நேரமும் அதுதான். உங்கள் தாளில் அந்த நேரம் இருந்தால் படி 4-ஐ இரண்டு முறை படியுங்கள்.

படி 2: ஹெல்மெட்டிலிருந்து தொடங்குங்கள்

காருக்கும் ஆட்டோவுக்கும் பின்னால் நீங்கள் மறைந்திருக்கும்போது வெளியே தெரிவது தலை மட்டும்தான். ஆகவே முதல் பணத்தை இங்கே செலவிடுங்கள். ஐஎஸ்ஐ முத்திரையும் ஐஎஸ் 4151 என்ற எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு வெள்ளை அல்லது நியான் மஞ்சளைத் தேர்ந்தெடுங்கள்.

நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர்களை ஆராய்ந்து 2004-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. கறுப்பு ஹெல்மெட் அணிந்தவர்களோடு ஒப்பிட்டால், வெள்ளை ஹெல்மெட் அணிந்தவர்களுக்கு விபத்தில் காயமடையும் அபாயம் 24 சதவீதம் குறைவாகக் காணப்பட்டது. வெள்ளைக்கும் கறுப்புக்கும் விலை ஒன்றுதான். கடையில் கறுப்புதான் அதிகம் அடுக்கி வைத்திருப்பார்கள். கேட்டால் உள்ளேயிருந்து வெள்ளையை எடுத்துத் தருவார்கள். கேளுங்கள்.

இருக்கிற கறுப்பு ஹெல்மெட்டுக்கு வீட்டில் பெயிண்ட் அடிக்க வேண்டாம். பெயிண்டிலும் தின்னரிலும் உள்ள கரைப்பான்கள் ஓட்டின் பிளாஸ்டிக்கைப் பலவீனமாக்கக்கூடும்.

படி 3: பகலுக்கு நியான்

மேற்சொன்ன ஆய்வில் என்னை நிறுத்தி யோசிக்க வைத்த முடிவு வேறொன்று. ஓட்டுபவரின் முன்பக்க உடை என்ன நிறம் என்பதற்கும் விபத்துக்கும் தொடர்பே தென்படவில்லை. ஆனால் நியான் நிற உடையோ ஒளி திருப்பும் பட்டை வைத்த உடையோ அணிந்தவர்களுக்கு அபாயம் 37 சதவீதம் குறைவு. அதாவது, "நான் வெள்ளைச் சட்டைதானே போட்டிருக்கிறேன்" என்று நிம்மதியாக இருக்க முடியாது. சாதாரண மஞ்சள் ஜாக்கெட் வேறு, நியான் மஞ்சள் ஜாக்கெட் வேறு.

ஏன் வேறு? சாதாரணச் சாயம் தன்மேல் விழும் வெளிச்சத்தில் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்புகிறது, அவ்வளவுதான். நியான் சாயம், கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரையும் வாங்கி, தெரியும் ஒளியாக மாற்றி வெளியே விடுகிறது. மேகமூட்டத்திலும் விடியற்காலையிலும் அது தனியாக எரிவதுபோல் தோன்றுவதற்கு இதுவே காரணம்.

சிவப்பு போதாதா என்று பலர் கேட்கிறார்கள். நண்பகலில் சிவப்பு நன்றாகத்தான் தெரியும். வெளிச்சம் குறையக் குறைய நம் கண் சிவப்பை உணரும் திறனை இழக்கிறது. அந்தி நேரத்தில் அரக்குச் சிவப்புச் சட்டை ஏறக்குறைய கறுப்பாகிவிடும். நம்பாதவர்கள் விளக்குப் போடும் முன் கொல்லையில் செம்பருத்தியைப் பாருங்கள். இலை தெரியும், பூ இருண்டிருக்கும்.

இனி எந்த நியான் என்ற கேள்வி. பகலில் நம் கண்ணுக்கு மிகக் கூர்மையாகப் படுவது மஞ்சளும் பச்சையும் கலந்த நிறம். சுமார் 555 நானோமீட்டர் அலைநீளம். அதனால்தான் எலுமிச்சைப் பச்சை ஜாக்கெட்டுகள் உலகெங்கும் விற்கின்றன. நகரத்தில், சாம்பல் கட்டடங்களுக்கு நடுவே, அதையே வாங்குங்கள். ஆனால் எங்கள் டெல்டா சாலையில் மார்கழியில் நின்று பாருங்கள்: இருபுறமும் சம்பா பச்சை. அந்தப் பின்னணியில் எலுமிச்சைப் பச்சை கரைந்துவிடும். நியான் ஆரஞ்சு துண்டாகத் தெரியும். செம்மண் காட்டுக்கும் செங்கல் சூளைகளுக்கும் இடையே போகிறவர்களுக்கு நேர்மாறு. முதல் படியில் எழுதிய தாளை இப்போது எடுத்துப் பார்த்தால் விடை கிடைக்கும்.

ஜாக்கெட் வாங்க வசதியில்லை என்றால், சாலைப் பணியாளர்கள் அணியும் நியான் வெஸ்ட் போதும். சட்டைக்கு மேல் போட்டுக்கொள்ளலாம். வலையாக நெய்தது வாங்கினால் சித்திரை வெயிலிலும் வேர்க்காது. பொத்தானை மூடாமல் பறக்க விடாதீர்கள்.

படி 4: இரவுக்கு நிறம் உதவாது, பட்டை உதவும்

சூரியன் போனதும் புற ஊதாக் கதிரும் போய்விடும்; தெருவிளக்கு இல்லாத சாலையில் நியான் உடை தன் பலத்தை இழந்துவிடும். அங்கே வேலை செய்வது வெள்ளிச் சாம்பல் நிறத்தில் இருக்கும் ரிஃப்ளெக்டர் பட்டை. அதில் பொடிப்பொடியான கண்ணாடி மணிகள் இருக்கின்றன. விளக்கிலிருந்து வரும் ஒளியை வந்த திசைக்கே அவை திருப்பி அனுப்பும். லாரி ஓட்டுநரின் கண் அவருடைய முகப்பு விளக்குக்கு அருகில் இருப்பதால் அவருக்குப் பட்டை பளீரென்று தெரியும். பக்கத்தில் நிற்பவருக்கு வெறும் சாம்பல் துணிதான்.

கடையில் சோதிக்க வழி இருக்கிறது. செல்பேசி டார்ச்சை உங்கள் கண்ணோரம், காதருகே பிடித்துக்கொண்டு பத்தடி தள்ளி நின்று பட்டையைப் பாருங்கள். கண் கூசினால் நல்ல பட்டை. சாம்பலாகவே இருந்தால் அது அலங்காரத் துணி, வைத்துவிட்டு வாருங்கள்.

எங்கே இருக்க வேண்டும் என்பது எவ்வளவு இருக்க வேண்டும் என்பதைவிட முக்கியம். மார்பில் ஒரு பட்டை மட்டும் இருந்தால், தூரத்தில் அது மைல்கல்லா தடுப்புச் சுவரா என்று தெரியாது. மணிக்கட்டு, கணுக்கால், தோள் ஆகியவற்றிலும் இருந்தால் அவற்றின் அமைப்பையும் அசைவையும் கண்டு "மனிதர்" என்று மூளை விரைவாகப் புரிந்துகொள்ளும். 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வண்டி ஒரு நொடியில் ஏறக்குறைய 17 மீட்டர் கடக்கிறது. இருவரும் எதிரெதிரே அதே வேகத்தில் வந்தால் 100 மீட்டர் இடைவெளி மூன்று நொடியில் தீர்ந்துவிடும். அதில் ஒரு நொடி மிச்சமாவது பெரிய விஷயம்.

படி 5: மறைப்பவற்றைத் தேடுங்கள்

எல்லாம் வாங்கியாகிவிட்டது. இப்போது வழக்கம்போல் பையை மாட்டிக்கொண்டு, பின்னால் ஒருவரை உட்கார வைத்து, வீட்டாரை ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். கறுப்புப் பை முதுகுப் பட்டை முழுவதையும் மூடியிருக்கும். பின்னால் இருப்பவர் உங்களையே மறைத்திருப்பார். அவருக்கும் ஒரு வெஸ்ட் வேண்டும், பைக்கு நியான் உறை வேண்டும்.

மழைக்கோட்டு இதில் மிக மோசமான எதிரி. ஜாக்கெட்டில் செய்த செலவு அத்தனையையும் அது மூடிவிடுகிறது, அதுவும் பார்வை மங்கும் நேரத்தில். ஐப்பசி அடைமழை தொடங்கும் முன்பே பட்டை தைத்த மஞ்சள் அல்லது ஆரஞ்சுக் கோட்டாகப் பார்த்து வாங்கிவிடுங்கள். கறுப்புதான் இருக்கிறதென்றால் அதன்மேல் வெஸ்ட்டைப் போடுங்கள். அதற்காகவே நான் ஒரு அளவு பெரிய வெஸ்ட் வைத்திருக்கிறேன்.

படி 6: சாலையில் சோதியுங்கள்

அந்தி நேரத்தில் ஆள் நடமாட்டம் குறைந்த இடத்தில் உங்கள் வண்டியை ஓரமாக நிறுத்தி, முழு உடையுடன் அதன் அருகே நில்லுங்கள். நண்பர் நூறு அடி தள்ளி நின்று படம் எடுக்கட்டும். அந்தப் படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றுங்கள். நிறம் போன பிறகும் பின்னணியிலிருந்து நீங்கள் பிரிந்து தெரிகிறீர்களா? இருட்டிய பிறகு அவருடைய வண்டி விளக்கைப் போட்டு, முன், பின், பக்கவாட்டு என்று இன்னொரு முறை பாருங்கள். பக்கவாட்டில்தான் பெரும்பாலானவர்கள் தோற்கிறார்கள். சந்திலிருந்து வருபவர் பார்ப்பது அந்தப் பக்கத்தைத்தான்.

முகப்பு விளக்கையும் கவனியுங்கள். 2017 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் புதிய இருசக்கர வாகனங்களில் அது தானாகவே எரிகிறது. பழைய வண்டி என்றால் பகலிலும் நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

படி 7: பராமரிப்பு

மென்மையான சோப்பில் கையால் துவையுங்கள். பிளீச்சிங் பவுடர் கூடாது, பட்டைமேல் இஸ்திரிப் பெட்டி படக் கூடாது, வெயிலில் காயப்போடக் கூடாது. நியான் சாயம் நம் ஊர் வெயிலில் வேகமாக வெளுக்கும். நாள்தோறும் பார்ப்பதால் அந்த மாற்றம் நமக்குத் தெரியாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை காலரின் உள்மடிப்பைப் பிரித்து வெளிப்பக்கத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வேறுபாடு பளிச்சென்று தெரிந்தால் புதியது வாங்கும் நேரம். வெளுத்ததைத் தோட்ட வேலைக்கு வைத்துக்கொள்ளலாம், சாலைக்கு வேண்டாம்.