சவுண்டுக்கு அனுப்பும் படத்தில் டைம்கோடு பதிப்பது எப்படி

எடிட் லாக் ஆகி (இனி வெட்டில் மாற்றம் இல்லை என்று முடிவாகி), படத்தை சவுண்ட் எடிட்டருக்கு அனுப்பப் போகிறீர்கள் என்றால், எக்ஸ்போர்ட் கொடுப்பதற்கு முன் படத்தின் மேலேயே டைம்கோடு, அதாவது ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் உரிய மணி:நிமிடம்:வினாடி:ஃப்ரேம் எண், ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடவில்லை என்றால் அனுப்பாதீர்கள். ஃபைலுக்குள்ளே மெட்டாடேட்டாவாக டைம்கோடு இருக்கிறதே, அது போதாதா என்று கேட்பார்கள். போதாது. ஒரு தடவை வேறு ஃபார்மட்டுக்கு மாற்றினாலே அந்த மெட்டாடேட்டா காணாமல் போகலாம், இருந்தாலும் எல்லா சாஃப்ட்வேரும் அதைப் படிக்கும் என்று நம்ப முடியாது. படத்திலேயே பதிந்த எண் எங்கும் போகாது. எத்தனை கை மாறினாலும், எந்த பிளேயரில் திறந்தாலும், ஒவ்வொரு ஃப்ரேமும் தன் எண்ணைத் தானே சொல்லும்.

இதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. ப்ரோ டூல்ஸ், நுவெண்டோ, ரீப்பர் என்று சவுண்ட் சாஃப்ட்வேர் எதுவாக இருந்தாலும், அதன் கவுண்டரில் தெரிவது அந்த செஷனின் (அதில் திறந்திருக்கும் வேலைக் கோப்பின்) கணக்கு. படத்தில் பதிந்திருப்பது எடிட்டரின் கணக்கு. இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதுதான் சிங்க் சோதனை, ஒன்று மட்டும் கையில் இருந்தால் சோதிக்க வழியே இல்லை. சவுண்ட் சாஃப்ட்வேரே வீடியோ மேல் டைம்கோடு காட்டாதா என்றால், காட்டும்; உதாரணமாக ரீப்பரின் வீடியோ ப்ராசஸரில் அதற்கென்றே ஒரு ப்ரீசெட் இருக்கிறது. இயக்குநரோடு உட்கார்ந்து குறிப்பு எடுக்கும்போது அது வசதிதான். ஆனால் அதுவும் செஷனின் கணக்குதானே, படத்தை நீங்கள் 10 ஃப்ரேம் தள்ளி வைத்திருந்தாலும் அது சிரித்த முகத்தோடு சரியான எண்ணையே காட்டும். அதனால் எடிட்டிங் பக்கத்தில் பதித்தே ஆக வேண்டும்.

முதலில் டைம்லைன் எங்கே தொடங்குகிறது

எண் பதிப்பது ஒரு நிமிட வேலை. எந்த எண்ணைப் பதிக்கிறோம் என்பதில்தான் கவனம் வேண்டும். வழக்கம் என்னவென்றால், படத்தின் முதல் ஃப்ரேம் 01:00:00:00. ரீல் ரீலாகப் பிரித்து வேலை செய்தால் இரண்டாவது ரீல் 02:00:00:00-இல், மூன்றாவது 03:00:00:00-இல் என்று மணி இலக்கமே ரீல் எண்ணாகிவிடும், எண்ணைப் பார்த்ததும் எந்த ரீல் என்று தெரிந்துவிடும். பூஜ்ஜியத்தில் ஏன் தொடங்கக் கூடாது? படத்துக்கு முன்னால் லீடர் (படம் தொடங்கும்வரை ஓடும் முன்பகுதி) வைக்க இடம் வேண்டும், பூஜ்ஜியத்துக்கு முன்னால் போனால் 23:59 என்று முந்தைய நாளுக்குப் போய்விடும், அங்கிருந்து குழப்பம்தான்.

படத்துக்குச் சரியாக 2 வினாடி முன்னால், அதாவது 00:59:58:00-இல், ஒரே ஒரு ஃப்ரேம் நீளத்துக்கு 1 கிலோஹெர்ட்ஸ் பீப் வையுங்கள், அதே ஃப்ரேமில் திரையில் 2 என்ற எண்ணோ வெள்ளை ஃப்ளாஷோ வரட்டும். இதைத்தான் டூ-பாப் என்கிறோம். 8 வினாடி லீடர் வைப்பதாக இருந்தால் டைம்லைனின் தொடக்கம் 00:59:52:00 ஆகும். படம் முடிந்து 2 வினாடி கழித்து வாலிலும் ஒரு பாப் வைத்துவிடுங்கள். பதிக்கும் டைம்கோடு இந்த லீடரையும் வால் பாப்பையும் சேர்த்து மூட வேண்டும், படத்தின் மேல் மட்டும் இருந்தால் பாப் சரியான ஃப்ரேமில்தான் இருக்கிறதா என்று பார்க்க முடியாது.

சாஃப்ட்வேரில் எங்கே இருக்கிறது

டாவின்ச்சி ரிசால்வில் இது ரொம்ப எளிது. வொர்க்ஸ்பேஸ் மெனுவில் டேட்டா பர்ன்-இன் என்று இருக்கும், அதைத் திறந்து ப்ராஜெக்ட் பகுதியில் ரெக்கார்டு டைம்கோடு என்பதை டிக் செய்தால் போதும், அளவு, இடம், பின்னணிக் கறுப்பு எல்லாம் அங்கேயே மாற்றலாம். டெலிவர் பக்கத்தில் அட்வான்ஸ்டு பகுதியில் டேட்டா பர்ன்-இன் அணைக்கப்படாமல் இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள். வியூவரில் எண் தெரியும், ரெண்டரில் வராது, அதற்கு இதுதான் காரணமாக இருக்கும்.

ப்ரீமியர் ப்ரோவில் இரண்டு வழி. எக்ஸ்போர்ட் விண்டோவில் எஃபெக்ட்ஸ் பகுதியில் டைம்கோடு ஓவர்லே இருக்கிறது, அவசரத்துக்கு அது போதும். இல்லையென்றால் முழு சீக்வென்ஸையும் நெஸ்ட் செய்து (இன்னொரு சீக்வென்ஸுக்குள் ஒரே க்ளிப்பாக வைத்து) அதன் மேல் டைம்கோடு எஃபெக்டைப் போடலாம். எந்த வழியில் போனாலும் முதலில் டைம்லைன் பேனல் மெனுவில் ஸ்டார்ட் டைம் என்பதில் தொடக்க எண்ணைக் கொடுத்துவிடுங்கள். அவிட் மீடியா கம்போஸரில் எஃபெக்ட் பேலட்டில் ஜெனரேட்டர் வகையில் டைம்கோடு பர்ன்-இன் இருக்கும், எல்லாவற்றுக்கும் மேலே ஒரு காலி வீடியோ ட்ராக் சேர்த்து அதில் போடுங்கள். ஃபைனல் கட் ப்ரோவில் ஜெனரேட்டர்களில் டைம்கோடு உண்டு, அதை டைம்லைன் முழுக்க நீட்டிவிட்டு, அது காட்டுவது ப்ராஜெக்ட்டின் எண்தானா என்று முதல் ஃப்ரேமில் சரிபாருங்கள்.

எல்லா சாஃப்ட்வேருக்கும் பொதுவான பொறி ஒன்று இருக்கிறது. எஃபெக்டைத் தனித்தனி க்ளிப்பின் மேல் போட்டால் அது அந்தந்த க்ளிப் கேமராவில் பதிவான நேரத்தைக் காட்டும், ஒவ்வொரு கட்டிலும் எண் எங்கெங்கோ தாவும். சவுண்டுக்கு வேண்டியது டைம்லைனின் எண், அது முதல் ஃப்ரேமிலிருந்து கடைசி வரை ஒரு எண்கூட விடாமல் ஓட வேண்டும். க்ளிப்பின் நேரமும் பயனில்லாதது இல்லை. ஷூட்டிங்கில் கேமராவும் சவுண்ட் ரெக்கார்டரும் ஒரே டைம்கோடில் ஓடியிருந்தால், டயலாக் எடிட்டர் அந்த ஷாட்டின் ஒரிஜினல் டேக்கைத் தேடிப்பிடிக்க அது பெரிய உதவி. அதை இரண்டாவது எண்ணாக, சின்னதாக, வேறு மூலையில் வையுங்கள், முன்னால் டைம்லைன் எண்ணுக்கு டிஎல் என்றும் க்ளிப்பின் எண்ணுக்கு எஸ்ஆர்சி (சோர்ஸ்) என்றும் எழுதிவிட்டால் யாரும் மாற்றிப் படிக்க மாட்டார்கள்.

எண்ணை எங்கே வைப்பது

வழக்கமாக எல்லோரும் கீழே நடுவில் வைத்துவிடுகிறார்கள். எனக்கு அது பிடிக்காது, காரணம் ஃபோலி, அதாவது காலடி போன்ற சத்தங்களைப் படத்தைப் பார்த்தபடியே செய்து பதிவு செய்யும் வேலை. ஃபோலி ஆர்ட்டிஸ்ட் நடிகரின் காலைப் பார்த்துத்தான் நடக்கிறார், குதிகால் எப்போது தரையில் படுகிறது, பாதம் எப்போது திரும்புகிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரிய வேண்டும். ஃபுல் ஷாட்டில் கால்கள் இருப்பது ஃப்ரேமின் அடிவிளிம்பில், அங்கே கறுப்புப் பெட்டி ஒன்றை வைத்து மறைத்துவிட்டால் அவர் தோளின் அசைவை வைத்து ஊகிக்க வேண்டியதுதான். சப்டைட்டில் வருவதும் கீழேதான். அதனால் மேலே வையுங்கள், நடுவில் வேண்டாம், ஒரு ஓரமாக. மேலே நடுவில் வைத்தால் க்ளோஸ்-அப்பில் நெற்றியும் கண்ணும் போகும். சினிமாஸ்கோப் மாதிரி அகலமான படமாக இருந்து மேலும் கீழும் கறுப்புப் பட்டை வருகிறதென்றால் கவலையே இல்லை, எண்ணை அந்தப் பட்டைக்குள் வைத்துவிடலாம், படத்தில் ஒரு பிக்சல்கூட மறையாது.

எழுத்து மோனோஸ்பேஸ் வகையாக, எல்லா இலக்கமும் ஒரே அகலமாக இருக்கட்டும். இல்லையென்றால் 1 வரும்போது சுருங்கி 8 வரும்போது விரிந்து மொத்த எண்ணும் நடுங்கிக்கொண்டே இருக்கும், பல மணி நேரம் அதைப் பார்த்துக்கொண்டே வேலை செய்கிறவரின் கண் பாவம். வெள்ளை எண்ணுக்குப் பின்னால் பாதி ஒளிபுகும் கறுப்பு கொடுங்கள், அப்போதுதான் வெளுத்த வானத்தின் மேலும் படிக்க முடியும். எதிர் மூலையில் ரீல் எண், எடிட் வெர்ஷன், தேதி, ஃப்ரேம் ரேட் (வினாடிக்கு எத்தனை ஃப்ரேம்) நான்கையும் எழுதிவிடுங்கள்.

எக்ஸ்போர்ட் செய்யும்போது ஃப்ரேம் ரேட்டைத் தொடாதீர்கள், டைம்லைனில் என்னவோ அதுவே. கோடெக்கை (வீடியோவைச் சுருக்கும் முறையை) பொறுத்தவரை ப்ரோரெஸ் ப்ராக்ஸி அல்லது டிஎன்எக்ஸ்எச்டி 36 மாதிரி ஒவ்வொரு ஃப்ரேமும் தனித்து நிற்கும் வகை நல்லது. சாதாரண எச்.264 ஃபைல் சிறியதாக இருக்கும், ஆனால் ஒரு ஃப்ரேமைக் காட்ட அதற்கு முந்தைய ஃப்ரேம்களையும் பிரிக்க வேண்டியிருப்பதால் முன்னும் பின்னும் ஸ்க்ரப் செய்யும்போது திணறும். கைடு ட்ராக்கை (படத்தோடு துணைக்குப் போகும் எடிட்டரின் ஆடியோவை) சுருக்கிய ஏஏசி வகையில் கொடுக்காதீர்கள், அந்த என்கோடிங் தொடக்கத்தில் சிறு மௌனத்தைச் சேர்ப்பதால் சத்தம் ஒரு ஃப்ரேம் அளவுக்குத் தள்ளிப்போகலாம். சுருக்காத 48 கிலோஹெர்ட்ஸ் பிசிஎம் போதும்.

சவுண்ட் பக்கம் வந்ததும்

செஷனின் ஃப்ரேம் ரேட்டையும் தொடக்க நேரத்தையும் அமைத்து, படத்தை அதன் இடத்தில் வைத்தபின், தலையில் ஒரு இடம், நடுவில் ஒரு இடம், கடைசியில் ஒரு இடம் என மூன்று இடத்தில் நிறுத்திப் பாருங்கள். ஓடவிட்டுப் பார்க்க வேண்டாம், ஓடும்போது திரையின் தாமதம் சேர்ந்துகொள்ளும். நிறுத்திய நிலையில் படத்தின் எண்ணும் கவுண்டரும் மூன்று இடத்திலும் ஒன்றாக இருந்தால் வேலையை ஆரம்பிக்கலாம்.

இல்லையென்றால், வித்தியாசம் எப்படி நடந்துகொள்கிறது என்பதே நோயைச் சொல்லிவிடும். மூன்று இடத்திலும் ஒரே அளவு வித்தியாசம் என்றால் தொடக்க நேரம் தவறு, படத்தை நகர்த்தினால் தீர்ந்தது. சரியாக ஒரு மணி நேரம் வித்தியாசம் என்றால் ஒருவர் 00-விலும் இன்னொருவர் 01-இலும் தொடங்கியிருக்கிறார்கள். போகப் போக வித்தியாசம் வளர்ந்தால் ஃப்ரேம் ரேட் பொருந்தவில்லை. 23.976-க்கும் 24-க்கும் இடையே ஒரு மணி நேரத்துக்கு 3.6 வினாடி வித்தியாசம் வரும், 20 நிமிட ரீலில் 1.2 வினாடி, அதாவது கிட்டத்தட்ட 29 ஃப்ரேம். 24-ஐ 25 ஆக ஓட்டியிருந்தால் ஒரு நிமிடத்துக்குள்ளேயே 2.4 வினாடி விலகிவிடும், அதைக் கவனிக்காமல் விடவே முடியாது. ஆபத்தானது 23.976 தான், முதல் நிமிடத்தில் ஒன்றரை ஃப்ரேம்கூட இருக்காது என்பதால் தலையை மட்டும் பார்த்தவர்கள் சரியாக இருக்கிறது என்று நினைத்துவிடுவார்கள்.

29.97-இல் வேறொரு வகை உண்டு. டிராப் ஃப்ரேம் என்பது ஒவ்வொரு நிமிடத்தின் தொடக்கத்திலும் 00, 01 என்ற இரண்டு எண்களைத் தாண்டிப்போகும், 0, 10, 20, 30, 40, 50 ஆகிய நிமிடங்களில் மட்டும் தாண்டாது. தாண்டுவது எண்ணைத்தான், படத்தில் எந்த ஃப்ரேமும் குறைவதில்லை. படம் நான்-டிராப்பாகவும் (எண் எதையும் தாண்டாத வகை) செஷன் டிராப்பாகவும் இருந்தால் வித்தியாசம் மெதுவாக நகராது, நிமிடம் மாறும் கணத்தில் சட்டென்று இரண்டு ஃப்ரேம் தாவும், பிறகு அடுத்த நிமிடம் வரை அப்படியே நிற்கும். ஒரு மணி நேரத்தில் 108 ஃப்ரேம் சேர்ந்துவிடும். பயந்து எதையும் நீட்டவோ சுருக்கவோ செய்யாதீர்கள், சத்தம் படத்தோடு ஒட்டித்தான் இருக்கிறது, எண்தான் வேறு. செஷன் செட்டப்பில் வகையை மாற்றிவிட்டு, படம் அதன் தொடக்க எண்ணிலேயே நிற்கிறதா என்று பார்த்தால் போதும்.

எண் சரியானபின் ஓடவிட்டு டூ-பாப்பைக் கேளுங்கள். ஃப்ளாஷும் பீப்பும் சேர்ந்து வரவில்லை என்றால் அது பெரும்பாலும் உங்கள் மானிட்டரின் தாமதம், சாஃப்ட்வேரில் இருக்கும் வீடியோ சிங்க் ஆஃப்செட்டில் சரிசெய்யுங்கள், ட்ராக்குகளை நகர்த்தாதீர்கள்.

லாக் ஆன படம் மறுபடி வெட்டப்பட்டு வருவது சகஜம். அப்போது புதிய வெர்ஷனைப் பழையதன் இடத்தில் வைத்துவிடாமல் பக்கத்தில் இன்னொரு வீடியோ ட்ராக்கில் வையுங்கள், ஒரே காட்சி இரண்டிலும் எந்த எண்ணில் நிற்கிறது என்று கழித்துப் பார்த்தால் எந்தக் கட்டில் எத்தனை ஃப்ரேம் போயிருக்கிறது என்பது கைக்கு வந்துவிடும். கடைசி மிக்ஸைப் போட்டுக் காட்டும் நாளுக்கு மட்டும் எண் இல்லாத சுத்தமான காப்பி ஒன்றை எடிட்டரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், அதே தொடக்க நேரம், அதே லீடர், அதே பாப்போடு.