முடிச்சில்லாத கம்பளம்: வெந்நீரால் குஞ்சத்தை இறுக்கும் முறை

கம்பளம் என்றதும் தறியும் முடிச்சும்தான் நினைவுக்கு வரும். ஆனால் இன்று அறை முழுக்க விரிக்கிற கம்பளங்களில் பெரும்பாலானவை தறியில் உருவாவதில்லை. நெய்து முடித்த ஒரு துணியில் ஊசியால் நூலைக் குத்தி ஏற்றிச் செய்கிறார்கள். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், டால்டன் நகருக்கு அருகே, 1895இல் கேத்தரின் எவான்ஸ் என்ற 15 வயதுப் பெண் கட்டில் விரிப்பு ஒன்றை இப்படித் தைத்தார். 1900இல் ஒரு விரிப்பை இரண்டரை டாலருக்கு விற்றார். டால்டனின் கம்பளத் தொழிலுக்கு அதுவே வித்து. அவருடைய முறையை ஓர் அடிச் சதுரத் துணியில் நாமும் செய்து பார்க்கலாம்.

முதலில் துணி. சலவை காணாத பருத்திக் காடா துணிதான் வேண்டும். நான் முதல் முறை பழைய படுக்கை விரிப்பில் தைத்தேன். துவைத்ததும் குஞ்சங்கள், அதாவது மேலே நிற்கும் வெட்டிய நூல் கற்றைகள், உதிர்ந்துவிட்டன. ஏற்கெனவே சுருங்கிய துணிக்கு மீண்டும் சுருங்க இடமில்லை. நூல், முறுக்குத் தளர்ந்த தடித்த வெள்ளைப் பருத்தி நூலாக இருக்கட்டும். சாய நூல் வெந்நீரில் நிறம் விடலாம்.

துணியில் பென்சிலால் அரை சென்டிமீட்டர் இடைவெளியில் கோடுகள் போடுங்கள். பெரிய காதுள்ள ஊசியில் நூல் கோத்து, கோட்டின் மீது ஓட்டுத் தையல் போடுங்கள். துணியின் அடிப்பக்கத்தில் தையல் 3 மில்லிமீட்டர் நீளம் இருந்தால் போதும். மேலே வரும் நூலை இறுக்காமல், கோட்டுக்குக் குறுக்கே ஒரு பென்சிலைப் படுக்கவைத்து அதன்மேல் வளைத்து இறக்குங்கள். எல்லா வளையமும் ஒரே உயரத்தில் நிற்கும். முடிச்சு எங்குமே தேவையில்லை.

வரிசைகள் முடிந்ததும் ஒவ்வொரு வளையத்தையும் உச்சியில் கத்தரியுங்கள். இந்த நிலையில் ஒரு குஞ்சத்தை இழுத்தால் சுலபமாகக் கையோடு வந்துவிடும். பயப்பட வேண்டாம்.

இனிதான் முக்கியமான வேலை. கொதிநீரில் துணியை அரை மணி நேரம் ஊறவிடுங்கள். தறியில் இழுத்துக் கட்டப்பட்டிருந்த இழைகள் தளர்ந்து, துணி சுருங்கி, ஒவ்வொரு குஞ்சத்தின் அடியையும் கவ்விக்கொள்ளும். முறுக்கிப் பிழியாமல் காற்றில் தொங்கவிட்டு, அவ்வப்போது உதறுங்கள். குஞ்சங்கள் பூப்போல விரியும். காய்ந்தபின் ஒன்றை இழுத்துப் பாருங்கள். முன்பு போல எளிதில் வராது. எனக்கு இந்தக் கணம் இன்றும் வியப்புதான்.

1930களில் தையல் இயந்திரத்தை மாற்றியமைத்து இதே தையலைப் போட்டார்கள். பிறகு நூற்றுக்கணக்கான ஊசிகள் வரிசையாக இறங்கும் அகன்ற இயந்திரங்கள் வந்தன. மிதிபட்டு அமுங்கிப்போகும் பருத்திக்குப் பதிலாக, 1950களின் இறுதியில் டூபாண்ட் என்ற அமெரிக்க வேதிப்பொருள் நிறுவனத்தின் நைலான் இழை வந்தது; அது துண்டுபடாமல் நீளமாக ஓடும், நெளிவேற்றிய இழை. இன்றைய செயற்கை அடித்துணி வெந்நீரில் அப்படிச் சுருங்காது. ஆகவே பின்புறம் லேடெக்ஸ் என்னும் ரப்பர் போன்ற பசை பூசி, இன்னொரு துணியை ஒட்டுகிறார்கள். பழைய கம்பளத்தை இழை வேறு, துணி வேறு எனப் பிரித்து மறுசுழற்சி செய்ய முடியாமல் தடுப்பதில் அந்தப் பசைக்குப் பெரும் பங்குண்டு.

உங்கள் துண்டைக் கால்மிதியாக்க நினைத்தால் மட்டும் பின்புறம் மெல்லிய லேடெக்ஸ் பூச்சு கொடுத்து ஒரு நாள் காயவிடுங்கள். திண்டு உறைக்கு வேண்டாம். வெந்நீர் தந்த பிடியே போதும்.