மூடி திறந்தால் மோட்டார் நிற்க வேண்டும்: சேஃப்டி ரிலே எடுக்கும் விதம்

காரைக்குடியில் பலகாரத் தொழில் நடத்தும் ஆச்சி ஒருவரின் மாவு பிசையும் மெஷினுக்குப் புதுப் பேனல் கட்டப் போயிருந்தேன். மூடியைத் திறந்தால் துடுப்பு நிற்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. அதற்குச் சேஃப்டி ரிலே என்ற மஞ்சள் டப்பாவை எடுத்து வைத்தேன்; ரிலே என்றால் கரண்டால் இயங்கும் சுவிட்ச். "நூத்தம்பது ரூவா ரிலே செய்யாததை இந்த மஞ்ச டப்பா என்னப்பா செஞ்சிடும்?" என்றார் ஆச்சி.

மோட்டாருக்குக் கரண்டை இணைத்துத் துண்டிக்கும் பெரிய சுவிட்சான பழைய கான்டாக்டரைப் பிரித்து அவர் கையில் கொடுத்தேன். மூன்று முனைகளில் இரண்டு உருகி ஒட்டிப்போயிருந்தன. முனைகளை இழுத்துப் பிடிக்கும் காயிலில் கரண்டு போனாலும் அவை விடாது. இரண்டு ஃபேஸ் கிடைத்தால் போதும், ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார் முனகிக்கொண்டாவது சுற்றும்.

சேஃப்டி ரிலேக்குள் இரண்டு ரிலேக்கள் இருக்கும். ஒவ்வொன்றிலும் முனைகள் எல்லாம் ஒரே கட்டில் பிணைந்தவை. ஓடவிடும் முனை ஒன்று ஒட்டிக்கொண்டால், ரிலே விடும்போது சேர வேண்டிய கண்காணிப்பு முனை சேராது; குறைந்தது 0.5 மி.மீ. இடைவெளி நிற்கும். அதைப் பார்த்து அடுத்த தடவை ரிலே கிளம்ப மறுத்துவிடும். காசு இதற்குத்தான்.

கடைக்குப் போகுமுன் மெஷினைப் பாருங்கள். அடிபட்டால் எவ்வளவு மோசம், கை எத்தனை தடவை உள்ளே போகிறது, தப்பிக்க வழி உண்டா என்று மெஷின் பாதுகாப்புக்கான தரநிலை ஐஎஸ்ஓ 13849-1 கேட்கிறது. பதிலுக்கு ஏற்ப ஏ முதல் இ வரை நிலை வரும்; இ தான் மிகக் கடுமையானது. இங்கே விரல் போனால் போனதுதான், கையும் அடிக்கடி போகிறது. துடுப்பு மெதுவாகச் சுற்றுவதால் இழுத்துக்கொள்ளலாம். அதனால் டி நிலை. இரட்டைச் சேனல் (சுவிட்சிலிருந்து தனித்தனியாக இரண்டு வயர் வழி), சேனல்களுக்கு இடையே ஷார்ட் ஆனாலும் கண்டுபிடிக்கும் ரகம் வேண்டும் என்று கேட்டு வாங்கினேன்.

மூடி சுவிட்சும் ரிலேக்குப் பொருந்த வேண்டும். அரிசி மாவும் எண்ணெயும் படியும் இடத்தில் நெம்புகோல் சுவிட்ச் சிக்கிக்கொள்ளும், அதனால் தொடாத ரகம். வெறும் காந்த சுவிட்ச் ஆகாது. பழைய ஸ்பீக்கர் காந்தத்தை ஒட்டி ஏமாற்றிவிடுவார்கள். தன் ஜோடியை மட்டும் அடையாளம் காணும் குறியீடு (code) உள்ளதாக எடுங்கள். அது முனைகளுக்குப் பதில் எலக்ட்ரானிக் அவுட்புட் தரும் வகை என்றால், ரிலே அதை ஏற்குமா என்று கேட்டலாக்கில் பாருங்கள்.

ரீசெட்? நம் ஊரில் கரண்டு போவதும் வருவதும் தெரிந்ததே. வந்ததும் மெஷின் தானாகக் கிளம்பக் கூடாது. கையால் அழுத்தும், கண்காணிக்கப்படும் (பட்டன் அழுத்தியபடியே சிக்கிக்கொண்டால் ஏற்காத) ரீசெட்தான். அதுவும் தயார் நிலைக்கு மட்டும். ஸ்டார்ட் பட்டன் தனி.

அவுட்புட்டில் பெரிய எழுத்தில் இருக்கும் ஆம்பியரை நம்பாதீர்கள். கான்டாக்டர் காயில் ஏசி என்றால் ஏசி-15, டிசி என்றால் டிசி-13 என்று காயில் சுமைக்காகத் தனியே போட்டிருக்கும் மதிப்பைப் பாருங்கள். கான்டாக்டர் இரண்டு, தொடராக. அவற்றின் மிரர் கான்டாக்ட் (முக்கிய முனை ஒட்டினால் மூடாத துணை முனை), ரிலே சரிபார்க்கும் ஃபீட்பேக் வழியில் சேர வேண்டும். அங்கே ஒரு துண்டு வயரை ஜம்பர் போட்டு முடித்த பேனல்களை நிறையவே பார்த்திருக்கிறேன். மேலே சொன்ன ஒட்டிய முனைகள் அப்போது யாருக்கும் தெரியாது.

கரண்டை நிறுத்திய பிறகும் துடுப்பு சுற்றும் மெஷின் என்றால், அது நிற்கும்வரை மூடியைத் திறக்க விடாத பூட்டுள்ள சுவிட்ச் வேண்டும்.

கடைசியில் ஆச்சியைப் பக்கத்தில் நிற்க வைத்து மூடி சுவிட்சின் ஒரு சேனல் வயரை மட்டும் உருவினேன். மோட்டார் நின்றது. மூடி மூடியே இருந்தும் ரீசெட் ஏறவில்லை. "இன்னொன்னையும் உருவு" என்றார்.