சிங்கிள் மால்ட்டுக்கு மதிப்பெண் போடும் முன்: வீட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எடின்பரோவில் என் வீட்டு மேசையைச் சுற்றி மாதம் ஒரு சனிக்கிழமை ஆறேழு பேர் கூடுகிறோம். நாலு சிங்கிள் மால்ட் (ஒரே வடிசாலையில், முளைகட்டிய பார்லியிலிருந்து மட்டும் வடித்த விஸ்கி), ஒவ்வொன்றிலும் ஆளுக்கு 15 மில்லி, ஒரு நோட்டு. சென்ற மாதம் புதிதாகச் சேர்ந்த இளைஞர், அப்போதுதான் தக்கை திறந்த பாட்டிலிலிருந்து ஊற்றியதை இரண்டு மிடறு குடித்தார். பேனாவை எடுத்தார். நூற்றுக்கு 72 என்று எழுதி, அதன் கீழே அழுத்தமாக ஒரு கோடும் இழுத்தார். அந்தக் கோட்டைப் பார்த்ததும் எனக்கு வயிறு கலங்கியது. அப்படி ஒரு கோட்டை நானும் ஒரு காலத்தில் இழுத்திருக்கிறேன்.

கோலா கலப்பது, ஒரே மடக்கில் விழுங்குவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். நோட்டும் பேனாவுமாக உட்காருகிறவர்கள் அதையெல்லாம் செய்வதில்லை. கவனமாகச் சுவைக்கிறோம் என்று நம்பிக்கொண்டே செய்கிற தவறுகள்தான் என் கவலை.

நிறத்துக்கு மதிப்பெண் கொடுப்பது

கறுத்துச் சிவந்திருந்தால் நெடுநாள் பீப்பாயில் கிடந்தது, நல்ல சரக்கு என்று ஒரு நம்பிக்கை. ஸ்காட்ச் விஸ்கியில் சாதாரண கேரமல் நிறமியைச் சேர்க்கச் சட்டமே அனுமதிக்கிறது. ஜெர்மனியில் விற்கும் பாட்டில்களில் நிறமி சேர்த்திருந்தால் லேபிளில் அதைச் சொல்ல வேண்டும். இங்கே அந்தக் கட்டாயம் இல்லை. ஐலா தீவின் ஆர்ட்பெக் 10 வெளிறிய வைக்கோல் நிறத்தில் இருக்கும். பார்த்தால் சாது. வாயில் வைத்தால் ஈர விறகு எரிகிற அடுப்படிக்குள் நுழைந்தது போலப் புகை சூழ்ந்துகொள்ளும். நிறத்துக்கென்று நோட்டில் கட்டம் போட்டிருந்தால் அதை அடித்துவிடுங்கள்.

முதல் இரவிலேயே எண்ணைப் போடுவது

இதைப் பற்றி நீளமாகத்தான் எழுத முடியும். இத்தனை ஆண்டுகள் ஆகியும் எனக்கு ஆறவில்லை.

2014 நவம்பரில், ஸ்காட்லாந்தின் ஸ்பேசைடு பகுதி வடிசாலை ஒன்றின் ஒற்றைப் பீப்பாய் விஸ்கி ஒன்றை, அதாவது ஒரே பீப்பாயிலிருந்து நிரப்பியதை, வாங்கினேன். ஷெர்ரி ஒயின் இருந்த பீப்பாயில் முதிர்ந்தது. அறுநூறுக்கும் குறைவான பாட்டில்கள். விலை 95 பவுண்டு. அப்போது எனக்கு அது பெரிய தொகை. வாங்கிய அன்றிரவே திறந்து, ஊற்றி, முகர்ந்தேன். அணைந்த தீக்குச்சியின் நெடி மூக்கில் ஏறியது. குடித்தேன், கசந்தது. “கந்தகம். ஏமாற்றம். 71” என்று எழுதிக் கோடு போட்டேன். ஒரு வாரம் அந்தப் பாட்டிலைத் தொடவில்லை. பிறகு டண்டீயில் இருக்கும் நண்பரிடம் அதைத் தள்ளிவிட்டு, பதிலுக்கு 40 பவுண்டு பெறுமானமுள்ள வேறொரு பாட்டிலை வாங்கிக்கொண்டேன்.

நாலு மாதம் கழித்து அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். லேபிள் காட்டாமல் மூன்று கிளாஸ் வைத்தார். இரண்டாவது கிளாஸில் கருப்பட்டிப் பாகு, காய்ந்த அத்திப்பழம், பழைய தோல்பையைத் திறந்தால் வருகிற வாசனை. விழுங்கிய பிறகும் இனிப்பு நாக்கை விட்டுப் போகவில்லை. 90 போட்டேன். அவர் உள்ளே போய்ப் பாட்டிலை எடுத்து வந்து மேசையில் வைத்தார். நான் தள்ளிவிட்ட அதே பாட்டில். அதற்குள் கடைகளில் தீர்ந்துபோய், ஏலத்தில் இரட்டை விலைக்குப் போய்க்கொண்டிருந்தது.

ஊருக்குத் திரும்பிப் பழைய நோட்டைப் புரட்டினேன். தேதியைப் பார்த்ததும் விளங்கியது. அன்று மதியம் வீட்டில் ரசம். பெருங்காயம் தாளித்த வாசனை இந்தக் குளிர் நாட்டில் சன்னல் திறக்காத வீட்டுக்குள் இரவுவரை நிற்கும். பெருங்காயத்தின் அந்த நெடிக்குக் காரணமே அதிலுள்ள கந்தகச் சேர்மங்கள்தாம். விஸ்கியில் கந்தகமே இல்லை என்று சொல்லவில்லை. ஷெர்ரி பீப்பாய்கள் காலியாகக் கிடக்கும்போது கெடாமலிருக்க உள்ளே கந்தகத் திரி கொளுத்துகிற வழக்கம் உண்டு. அதன் சுவடு விஸ்கிவரை வரலாம். பாட்டில் திறந்து காற்றுப் பட்டதில் அது தணிந்தும் இருக்கலாம். ஆனால் என் வீட்டுச் சமையலறை, அப்போதுதான் திறந்த பாட்டில், அன்றைய என் மூக்கு ஆகிய மூன்றையும் விட்டுவிட்டு, பழி முழுவதையும் விஸ்கியின் மேல் போட்டேன். பணம் போனதைவிட அந்த அவசரத் தீர்ப்புதான் இன்னும் உறுத்துகிறது.

அதன் பிறகு ஒரு பாட்டிலுக்கு மூன்று நாள் ஒதுக்குகிறேன். திறந்த அன்று ஒன்று, கால்வாசி குறைந்த பிறகு ஒன்று, பாதிக்குக் கீழே போன பிறகு ஒன்று. மூன்று நாளும் பென்சில்தான். மூன்றும் ஆன பிறகே பேனா. திறந்த அன்று ஊற்றியதை இருபது நிமிடமாவது கிளாஸிலேயே விட்டுவைத்து மறுபடி முகர்கிறேன். இரண்டு முகர்தலுக்கும் நடுவே எத்தனை மாறியிருக்கிறது என்று எழுதிப் பாருங்கள், முதல் இரவு மதிப்பெண்ணின் யோக்கியதை தெரிந்துவிடும்.

மூக்கைச் சோதிக்க ஓர் அளவுகோல் பாட்டிலும் வேண்டும். என்னுடையது கிளென்லிவெட் 12. எங்கும் கிடைப்பது, எனக்கு மனப்பாடமானது. உட்கார்ந்ததும் முதலில் அதில் ஒரு துளி. அதன் ஆப்பிளும் தேனும் வழக்கம்போல் வந்தால் மேலே போகிறேன். அதுவே கசந்தால், கெட்டிருப்பது விஸ்கியல்ல, என் மூக்கு. நோட்டை மூடிவிடுகிறேன். சளி பிடித்த நாள், மதியம் தாளித்த நாள், வீட்டில் சாம்பிராணி போட்ட வெள்ளிக்கிழமை எல்லாம் இப்படித்தான் பிடிபட்டன.

லேபிளை மறைப்பதும் இதோடு சேர்ந்ததுதான். வேறொருவரை ஊற்றச் சொல்லி, கிளாஸின் அடியில் எண் ஒட்டிவிட்டால் போதும். 18 ஆண்டு என்ற எழுத்தும் விலையும் கண்ணில் பட்ட பிறகு நாக்கு தானாக இரண்டு மதிப்பெண் கூட்டிவிடும்.

புகையை முதலில் வைப்பது

லஃப்ரோய்க் குடித்த வாயில் ஆகன்டோஷன் தண்ணீராகத்தான் இருக்கும். ஆகன்டோஷன் மூன்று முறை வடிப்பது, மென்மையானது. லஃப்ரோய்க்குக்கு, பீட் என்ற சதுப்புநில மட்கை எரிக்கும் புகையில் காய்ந்த பார்லியின் டிஞ்சர் வாசனை. மெல்லியது முதலில், புகை கடைசியில். பலமும் அப்படியே: 60 சதவீத கிளென்ஃபார்க்ளஸ் 105 வரிசையின் முடிவில்தான் வர வேண்டும்.

தண்ணீரைப் பாவமாக நினைப்பது

தண்ணீர் தொடாமல் குடிப்பதை வீரமாக எண்ணுகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். விஸ்கியை முகர்ந்து பார்ப்பதே தொழிலாகக் கொண்ட கலவை வல்லுநர்கள், அதை மதுச்சாரம் ஏறக்குறைய 20 சதவீதமாகும்வரை நீர்த்துத்தான் முகர்கிறார்கள். பீட் வாசனைக்குக் காரணமானவற்றில் ஒன்று குவாயக்கால் என்ற சேர்மம். 2017இல் ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர் கணினியில் செய்து பார்த்ததில், மதுச்சாரம் 45 சதவீதமும் அதற்குக் குறைவாகவும் இருக்கும்போது குவாயக்கால் மூக்குக்கு எட்டும்படி திரவத்தின் மேற்பரப்பை ஒட்டி நின்றது. மதுச்சாரம் கூடக்கூட அது உள்ளே போய்விட்டது.

ஒரு சொட்டுக் குப்பியால் தண்ணீர் விட்டு, கிளாஸை விளக்குக்கு நேரே பிடியுங்கள். சொட்டு விழுந்த இடத்திலிருந்து எண்ணெய் போன்ற இழைகள் சுருண்டு சுருண்டு கீழே இறங்கும். அவை அடங்கிய பிறகு முகருங்கள். குளிர்வடிகட்டல் (குளிரவைத்து வடிகட்டுவது) செய்யாத விஸ்கி தண்ணீர் பட்டால் லேசாகக் கலங்கும்; பயப்பட வேண்டாம், அந்தக் கலங்கல் அதன் கொழுப்புச் சத்து. 46 சதவீதமும் அதற்கு மேலும் பல வடிசாலைகள் பாட்டில் செய்வது அந்தச் சத்தை வடிகட்டாமல் வைத்திருக்கத்தான். தண்ணீரையும் கவனியுங்கள். ஸ்காட்லாந்தின் குழாய்த் தண்ணீர் மென்நீர். லண்டனில் சுண்ணாம்பு மிகுந்த கடினநீர். அங்கே இருப்பவர்கள் பாட்டில் தண்ணீர் வாங்குவது நல்லது. முதலில் வெறுமையாக ஒரு மிடறு, பிறகு சொட்டுச் சொட்டாக. மொத்தமாக ஊற்றிவிட்டால் திரும்ப எடுக்க முடியாது.

ஐஸ்

மதிப்பெண் போடும் நாளில் வேண்டாம். குளிர்ந்த விஸ்கிக்கு வாசனை எழாது.

இன்னொருவரின் சொற்களில் எழுதுவது

ஹெதர் பூ, மர்ஸிபான், கூஸ்பெர்ரி என்று எழுதுகிறார்கள். அவற்றில் எதை முகர்ந்திருக்கிறீர்கள் என்று கேட்டால் பதில் இல்லை. அமெரிக்க ஓக் பீப்பாயில் முதிர்ந்த விஸ்கியில் தேங்காய் வாசனை வரும். அந்த மரத்தில் உள்ள லாக்டோன் என்ற சேர்மம் தருவது அது. இங்குள்ளவர்கள் தேங்காய் என்று ஒரே சொல்லோடு நிறுத்திக்கொள்கிறார்கள். நமக்கு இளந்தேங்காய் வேறு, துருவி வதக்கியது வேறு, கொப்பரை வேறு, இரண்டு நாள் வைத்த எண்ணெய் வேறு. எங்கள் மேசையில் ஒரு பெண்மணி ஸ்காட்லாந்தின் கேம்பல்டவுன் ஊர் மால்ட் ஒன்றைப் பற்றி “நல்லெண்ணெய் தடவிய இரும்புத் தோசைக்கல்” என்று எழுதினார். ஆறு பேரும் மறுபடி கிளாஸை எடுத்தோம், அப்படியே இருந்தது. அவர் எழுதியதை ஓராண்டு கழித்துப் படித்தாலும் விஸ்கி மூக்கில் வந்து நிற்கும்.

பாட்டிலைப் படுக்கவைப்பது

ஒயின் அல்ல இது. நிமிர்த்தி வையுங்கள், இந்தப் பலத்தில் மதுச்சாரம் தக்கையை அரித்துவிடும்.

அடியில் மிஞ்சியதை விட்டுவைப்பது

கடைசி நூறு மில்லியைப் பெரிய பாட்டிலிலேயே ஓராண்டு வைத்திருந்து, “அந்தப் பழைய ருசி” என்று விருந்தாளிக்கு ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அறுநூறு மில்லி காற்றோடு ஓராண்டு கிடந்தது அது. காற்று முதல் சில வாரங்களில் நல்லது செய்தாலும் பிறகு வாசனையைத் தின்றுவிடும். பாதிக்குக் கீழே இறங்கி மூன்றாவது குறிப்பும் எழுதியாயிற்றென்றால், மிச்சத்தைக் கழுத்துவரை நிரம்புகிற சின்னக் கண்ணாடிக் குப்பிக்கு மாற்றிவிடுங்கள். குப்பியில் வேறு வாசனை இருக்கக் கூடாது; கொதிநீரில் கழுவி, இரண்டு நாள் கவிழ்த்துக் காய வைக்கிறேன். மாற்றிய தேதியைச் சீட்டில் எழுதி ஒட்டிவிடுவேன். அதையும் பென்சிலால்தான்.