பெயரை விடுங்கள், நிமிடத்தை எண்ணுங்கள்: கல்லூரிக் கூடைப்பந்துக் குழுவின் அடுத்த பருவத்தைக் கணிக்கும் முறை

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தின் இறுதியாட்டம் ஏப்ரல் தொடக்கத்தில் வரும். அங்கே திங்கள் இரவு, இங்கே சிங்கப்பூரில் செவ்வாய்க் காலை ஒன்பது மணிவாக்கு. நண்பகலுக்குள் எல்லாம் முடிந்து, வென்ற குழு வளையத்திலிருந்து வலையைக் கத்தரித்து எடுத்திருக்கும். அன்று மாலையே கோப்பிக் கடை மேசையில் அடுத்த பருவத்தைப் பற்றிய வாக்குவாதம் ஆரம்பித்துவிடும்.

“அண்ணே, அவன் போன வருஷம் ஆட்டத்துக்கு இருபது புள்ளி போட்டவன். நம்ம குழுவுக்கு வந்துட்டான். அடுத்த வருஷம் கிண்ணம் நமக்குத்தான்.”

“சரி தம்பி, அவன் எத்தனை நிமிஷம் ஆடுவான்? அந்த நிமிஷத்தை யார்கிட்டேருந்து எடுப்பே?”

அண்ணன் கேட்டதுதான் சரியான கேள்வி. அதற்கு விடை எழுதத் தெரிந்தால் மற்றக் கணக்குகள் அதன் பின்னாலேயே வரும்.

200 நிமிடத் தாள்

ஓர் ஆட்டம் 40 நிமிடம். ஆண்களுக்கு 20 நிமிடமாக இரண்டு பாதி, பெண்களுக்கு 10 நிமிடமாக நான்கு கால் பகுதி. களத்தில் ஐந்து பேர். ஆகவே பயிற்றுவிப்பாளர் கையில் இருப்பது 200 நிமிடம், அதற்குமேல் ஒரு நிமிடமும் இல்லை.

ஒரு தாளில் நான்கு பத்தி போடுங்கள். முதலில் பெயர். அடுத்து, போன பருவத்தில் ஆட்டத்துக்கு எத்தனை நிமிடம் ஆடினார். மூன்றாவது, நிலவரம்: இருக்கிறார், போய்விட்டார், தெரியவில்லை. கடைசியில், அடுத்த பருவத்துக்கு நீங்கள் கொடுக்கும் நிமிடம். முதல் முறை எழுதுகிறவர்களுக்குக் கடைசிப் பத்தி 240, 250 என்று போய் நிற்கும். பழைய ஆட்டக்காரர்களுக்கு ‘இன்னும் முன்னேறுவார்’ என்று நிமிடத்தைக் கூட்டியிருப்பீர்கள், புதியவர்களுக்கும் தாராளமாகக் கொடுத்திருப்பீர்கள். கூட்டுத்தொகை 200க்கு இறங்கும்வரை அழித்து எழுதுங்கள். யாருடைய நிமிடத்தை வெட்டுகிறோம் என்று உட்கார்ந்து முடிவெடுப்பதுதான் உண்மையான அலசல்.

200ஐ இடவாரியாகவும் பிரிக்க வேண்டும். பந்தை மேலே கொண்டுவரும் பாயிண்ட் கார்டுக்கு 40, பக்கவாட்டில் ஆடும் இருவருக்கு 80, உயரமான இருவருக்கு 80 என்பது தோராயக் கணக்கு. பெயர்ப் பட்டியலில் 15 பேர் இருந்தாலும் முக்கியமான ஆட்டங்களில் எட்டு அல்லது ஒன்பது பேர்தான் சுழற்சியில் இருப்பார்கள். பத்தாவது ஆளுக்கு எட்டு நிமிடம் எழுதினால், அந்த எட்டு நிமிடம் குழுவின் சிறந்த ஆட்டக்காரரிடமிருந்துதான் போகிறது.

பிளோரிடாவை வைத்து ஒரு பயிற்சி

2025 ஏப்ரலில் சான் அன்டோனியோவில் ஹூஸ்டனை 65-63 என்று வென்று பிளோரிடா கிண்ணத்தைத் தூக்கியது. அதன் மூன்று முதன்மை கார்டுகள் (வளையத்துக்கு வெளியே பந்தைக் கையாளும் ஆட்டக்காரர்கள்) வால்டர் கிளேட்டன் ஜூனியர், அலைஜா மார்ட்டின், வில் ரிச்சர்ட். மூவரும் சேர்ந்து ஆட்டத்துக்குச் சுமார் 46 புள்ளி எடுத்தவர்கள். மூவருமே வேறு கல்லூரிகளிலிருந்து வந்தவர்கள்: கிளேட்டன் அயோனாவிலிருந்து, மார்ட்டின் புளோரிடா அட்லாண்டிக்கிலிருந்து, ரிச்சர்ட் பெல்மான்டிலிருந்து. அந்தக் கோடையில் மூவரும் தொழில்முறை லீக்கான என்பிஏவின் தேர்வில் எடுக்கப்பட்டுப் போனார்கள்.

இதுவரை எல்லாருக்கும் தெரியும். பலர் கவனிக்காமல் விட்டது நான்காவது பெயர். மாற்று ஆட்டக்காரராக இறங்கிய கார்டு டென்சல் அபர்டீன், கென்டக்கிக்கு மாறிவிட்டார். ‘அடுத்த வருஷம் அவன் பார்த்துக்குவான்’ என்று நினைத்திருந்த ஆளும் போனதால், கார்டு வரிசை ஏறக்குறைய முழுதாகக் காலி. உயரமானவர்கள் பக்கம் நேர்மாறு. அலெக்ஸ் காண்டன், தாமஸ் ஹாக், ரூபன் சின்யேலு, மைக்கா ஹேண்ட்லாக்டன் நால்வரும் திரும்பி வந்தார்கள்.

தாளில் எழுதிப் பாருங்கள். நான்கு உயரமானவர்களுக்கு 80 நிமிடம் போதாது. ஆளுக்கு 27 கொடுத்தாலே 108 ஆகிறது. ஒருவர் பக்கவாட்டுக்கு நகர்ந்தால்தான் கணக்கு நேராகும். ஹாக் அங்கே நகர்ந்தார். கார்டு பக்கத்துக்கு பிரின்ஸ்டனிலிருந்து சேவியன் லீ, ஆர்க்கன்சாவிலிருந்து பூகி ஃபிளாண்ட். இருவருமே பந்தைக் கையில் வைத்து ஆடிப் பழகியவர்கள். ஆக, அந்தக் கோடையில் கேட்க வேண்டிய கேள்வி ‘நடப்பு வெற்றியாளர் மறுபடி வெல்வாரா’ என்பதல்ல. பெரிய உருவங்கள் வளையத்துக்கு அருகே நெரிசலாக நிற்கும்போது, வெளியிலிருந்து மூன்று புள்ளி போட்டுக் காவலை விரிக்க யார் இருக்கிறார்கள் என்பதுதான். தாளில் நிமிடத்தைப் போட்டுப் பார்க்காமல் அந்தக் கேள்வி கண்ணில் படாது.

எதிர்த்திசை உதாரணம் கென்டக்கி. 2024இல் பயிற்றுவிப்பாளர் ஜான் கலிபாரி ஆர்க்கன்சாவுக்குப் போக, அவர் இடத்துக்கு மார்க் போப் வந்து முழுக் குழுவையும் புதிதாகக் கட்டினார். டேட்டனிலிருந்து கோபி பிரே, டிரெக்ஸலிலிருந்து அமாரி வில்லியம்ஸ், சான் டியேகோ ஸ்டேட்டிலிருந்து லமான்ட் பட்லர் என்று பல ஆண்டு ஆடித் தேறியவர்களைச் சேர்த்துக் கடைசி 16 வரை போனார். திரும்பி வருகிறவர்களின் நிமிடம் அதிகமாக இருப்பது நல்லது. ஆனால் அது மட்டும் போதாது, அது இல்லாவிட்டால் கதை முடிந்தது என்றும் இல்லை. என்னைக் கேட்டால், 22, 23 வயது ஆட்டக்காரர்களுக்கு எத்தனை நிமிடம் போகிறது என்பதைத் தனியாக எண்ணி வைத்துக்கொள்வது நல்லது.

எந்தத் தேதிவரை பொறுப்பது

நம் பாலிடெக்னிக் குழுக்களில் மூன்று ஆண்டில் படிப்பு முடியும், பையன்கள் தேசிய சேவைக்குப் போவார்கள். யார் எப்போது போவார் என்பது முன்கூட்டியே தெரியும். அங்கே இப்போது அப்படியில்லை. கல்லூரி மாற விரும்புகிறவர்கள் பெயர் கொடுக்கும் இடமாற்றப் பதிவேடு 2018 அக்டோபரில் வந்தது. 2024 ஏப்ரலுக்குப் பிறகு, படிப்பில் தகுதி இருந்தால் ஒருவர் எத்தனை முறை மாறினாலும் ஓராண்டு ஆடாமல் உட்கார வேண்டியதில்லை. பதிவேடு திறந்திருக்கும் நாள்கள் அடிக்கடி மாற்றப்படுவதால் அந்தந்த ஆண்டின் தேதியை மார்ச்சிலேயே பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு தேதி மே கடைசியில். என்பிஏ தேர்வுக்குப் பெயர் கொடுத்தவர் கல்லூரிக்குத் திரும்ப வேண்டுமானால் அதற்குள் பெயரை விலக்கிக்கொள்ள வேண்டும். கெடு அமெரிக்கக் கிழக்கு நேரப்படி இரவு 11.59, நமக்கு மறுநாள் பகல் 11.59. அதற்கு முன் ‘தெரியவில்லை’ என்பதை ‘இருக்கிறார்’ என்று மாற்றாதீர்கள். காண்டன் பெயர் கொடுத்து, பிறகு விலகித்தான் பிளோரிடாவுக்குத் திரும்பினார்.

நேர வித்தியாசம் மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை 12 மணி நேரம், மற்ற மாதங்களில் 13. அங்கே டிசம்பரில் இரவு ஏழுக்கு ஆட்டம் என்றால் இங்கே மறுநாள் காலை எட்டு.

காயம் பட்டவர்களைத் தனியாகப் பாருங்கள். முழங்கால் முன் தசைநார் கிழிந்தால் திரும்ப 9 முதல் 12 மாதம் ஆகும். பிப்ரவரியில் கிழிந்தவருக்கு நவம்பரில் 30 நிமிடம் எழுதக் கூடாது. முதல் இரண்டு மாதத்துக்குப் பூஜ்யம், அப்புறம் 12, 15 என்று ஏற்றுங்கள்.

புதியவர்களின் எண்களை எப்படிப் படிப்பது

இருபது புள்ளிக்காரர் வருகிறார் என்ற பேச்சு பெரும்பாலும் தடுக்கி விழுவது இங்கேதான். ஓர் ஆட்டக்காரர் களத்தில் நிற்கும்போது, குழுவின் தாக்குதல்களில் எத்தனை விழுக்காடு அவர் கையில் முடிகிறது என்று பார்க்க வேண்டும். வீச்சு, ஃப்ரீ த்ரோ (ஃபவுலுக்காகக் கிடைக்கும் தடையில்லா வீச்சு), பந்தைப் பறிகொடுத்தல் மூன்றும் சேர்ந்த கணக்கு அது. ஐந்து பேர் என்பதால் சராசரி 20 விழுக்காடு. சிறிய லீக்கில் 28 விழுக்காடு வைத்திருந்தவரை 26, 24, 22, 20 வைத்திருக்கும் நால்வரோடு நிறுத்தினால் கூட்டுத்தொகை 120 வரும். ஒரு பந்தைத்தானே ஆட முடியும்? எங்கிருந்தோ 20 கழிய வேண்டும், பெரும்பாலும் புதியவரிடமிருந்துதான் கழியும். அவருடைய 20 புள்ளி 12 ஆகிவிட்டால் அவர் மோசமாகிவிட்டார் என்று அர்த்தமில்லை. பந்தில்லாமல் நிற்கும்போது அவர் என்ன செய்கிறார் என்பதைப் பழைய ஆட்டங்களில் பத்து நிமிடமாவது பாருங்கள். மூலையில் கையைத் தொங்கவிட்டு நிற்கிறாரா, காவல் திரும்பும் நேரத்தில் வெட்டி உள்ளே ஓடுகிறாரா என்பது அதில் தெரிந்துவிடும்.

லீக் மாறும்போது ரீபவுண்டு (தவறிய வீச்சின் பந்தைப் பிடிப்பது) விகிதமும் ஃப்ரீ த்ரோவும் ஓரளவு கூடவே வரும். குள்ளமான கார்டு வளையத்தடியில் போடும் புள்ளிகள் அப்படி வராது, ஏனென்றால் பெரிய லீக்கில் அங்கே ஏழடி ஆள் நிற்பார். மூன்று புள்ளி விழுக்காட்டை நம்பும் முன் எத்தனை முறை வீசினார் என்று பாருங்கள். உண்மையில் 35 விழுக்காடு தரமுள்ளவர் 100 வீச்சில் 40 போடுவதும் 30 போடுவதும் அதிர்ஷ்டத்தாலேயே நடக்கும். 100 வீச்சில் 40 போட்டு, ஃப்ரீ த்ரோவில் 62 விழுக்காடு மட்டும் வைத்திருப்பவரைச் சந்தேகப்படுங்கள். 34 போட்டு ஃப்ரீ த்ரோவில் 86 வைத்திருப்பவருக்குக் கூடுதல் நிமிடம் கொடுங்கள்.

வீச்சுத் திறனை ஒப்பிட எளிய சூத்திரம்: போட்ட கூடைகளோடு, மூன்று புள்ளிக் கூடைகளில் பாதியைக் கூட்டி, மொத்த வீச்சால் வகுக்க வேண்டும். 14 வீச்சில் 6 கூடை, அதில் 3 கூடை மூன்று புள்ளிக் கூடை என்றால் 7.5ஐ 14ஆல் வகுத்து 53.6 விழுக்காடு. சாதாரணக் கணக்கில் அவர் 42.9 என்று தெரிவார்.

குழுவுக்கு, 100 தாக்குதலுக்கு எத்தனை புள்ளி என்று பாருங்கள். தாக்குதல் எண்ணிக்கை காண, வீச்சுகளிலிருந்து தாக்குதல் ரீபவுண்டைக் கழித்து, பறிகொடுத்த பந்தைக் கூட்டி, ஃப்ரீ த்ரோவை 0.475ஆல் பெருக்கிச் சேர்க்க வேண்டும். 60 வீச்சு, 10 ரீபவுண்டு, 12 பறிகொடுத்தது, 20 ஃப்ரீ த்ரோ என்றால் 71.5. அதில் 78 புள்ளி எடுத்தால் 100க்கு 109. வேகமாக ஆடும் குழு 90 புள்ளி எடுப்பதைப் பார்த்து மயங்காமல் இருக்க இது உதவும்.

உயரமான மாற்று ஆட்டக்காரருக்கு ஒரு கூடுதல் சோதனை உண்டு. 40 நிமிடத்துக்கு 6 ஃபவுல் செய்பவர், ஐந்தாவது ஃபவுலில் வெளியேறும் விதிப்படி, சராசரியாக 33 நிமிடம்தான் தாங்குவார். முதல் பாதியில் இரண்டு ஃபவுல் விழுந்ததும் பல பயிற்றுவிப்பாளர்கள் உட்காரவைத்துவிடுவதால் 22க்கு மேல் எழுதாதீர்கள்.

உயர்நிலைப் பள்ளியிலிருந்து நேராக வருகிறவர்களில், நாட்டின் முதல் பத்துக்குள் மதிப்பிடப்பட்டவரும் அறுபதாவதாக வருபவரும் வேறு வேறு உலகம். 2024-25இல் டியூக் மூன்று முதலாண்டுக்காரர்களைத் தொடக்க ஐவரில் இறக்கி அரையிறுதிவரை போனது. ஆனால் அந்த மூவர் கூப்பர் ஃபிளாக், கான் கனூப்பல், கமான் மலுவாச். என்பிஏ தேர்வில் முறையே 1, 4, 10ஆம் இடத்தில் போனவர்கள். அறுபதாம் இடத்துக்காரருக்கு 10 நிமிடத்தில் தொடங்குங்கள்.

எத்தனை வெற்றி

அட்டவணை வந்ததும் ஆட்டத்துக்கு ஆட்டம் ‘வெற்றி’, ‘தோல்வி’ என்று எழுதுவது வழக்கம். அது தவறான வழி. 60 விழுக்காடு வாய்ப்புள்ள பத்து ஆட்டத்திலும் ‘வெற்றி’ என்று எழுதினால் 10-0 வரும், நடப்பது 6-4. அதனால் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் விழுக்காட்டை எழுதிக் கூட்டுங்கள். சொந்தக் களத்துக்கு ஏறக்குறைய 3 புள்ளி சாதகம். 3 புள்ளி உசத்தியான குழுவுக்கு வெற்றி வாய்ப்பு சுமார் 60 விழுக்காடு, 7 புள்ளி என்றால் சுமார் 74.

நாட்டுக் கிண்ணத்துக்கான மார்ச் போட்டியில் இடம் கிடைக்கும் வாய்ப்பை எடைபோடும்போது வெற்றிகளின் எண்ணிக்கையைவிடத் தரம் முக்கியம். 2018 முதல் கல்லூரிக் குழுக்களை வரிசைப்படுத்தும் நெட் (NET) தரவரிசைப்படி எதிராளிகளை நான்கு வகையாகப் பிரிக்கிறார்கள். சொந்தக் களத்தில் முதல் 30 குழுக்கள், பொதுக் களத்தில் முதல் 50, வெளிக் களத்தில் முதல் 75. இவற்றுக்கு எதிரான ஆட்டங்கள் முதல் வகை. எழுபதாவது இடத்திலுள்ள குழுவை அதன் ஊரிலேயே வெல்வது முதல் வகை வெற்றி. அதே குழுவை உங்கள் ஊரில் வென்றால் இரண்டாம் வகைதான்.

கிண்ணம் என்று பேச்சு வந்தால், 64 பேர் கட்டத்திலிருந்து ஆறு ஆட்டம் தொடர்ந்து வெல்ல வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள். ஒவ்வொன்றிலும் 80 விழுக்காடு வாய்ப்புள்ள அசுர பலக் குழுவுக்கே மொத்தத்தில் 26 விழுக்காடு. 70 விழுக்காடு என்றால் 12க்குக் கீழே.

எழுதி முடித்ததும் தாளில் தேதி போடுங்கள். நவம்பர் கடைசியில், ஏழெட்டு ஆட்டம் முடிந்ததும், நிமிடப் பத்தியை மட்டும் திருத்துங்கள், வீச்சு விழுக்காடுகளைத் தொடாதீர்கள். 2024 நவம்பரில், இரண்டு ஆண்டு தொடர்ந்து கிண்ணம் வென்றிருந்த யூகான் (கனெக்டிகட் பல்கலைக்கழகம்) ஹவாயின் மௌயித் தீவில் மூன்று நாளில் மூன்று ஆட்டம் தோற்றது. முந்தைய குழுவிலிருந்து நான்கு பேரை என்பிஏ தேர்வில் இழந்திருந்தது அது. அந்த நால்வரின் நிமிடம் யாருக்குப் போயிற்று என்பது முதல் சில ஆட்டங்களின் புள்ளி அட்டையிலேயே இருந்தது. விழுக்காடுகளை டிசம்பர் இறுதியில், லீக் ஆட்டங்கள் சூடுபிடிக்கும் முன், ஒரே ஒரு முறை திருத்தினால் போதும்.