விச்சென்சாவில் கதவு சாத்தும் நேரத்துக்குப் போய் நிற்காதீர்கள்

வெனிஸிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். அதனாலேயே பலர் இத்தாலியின் விச்சென்சா நகரை அரை நாளில் முடிக்கப் பார்க்கிறார்கள். முதல் தவறு அதுதான். பல தேவாலயங்களை நண்பகலில் சாத்தினால் மூன்று மணிக்கு மேல்தான் திறப்பார்கள். ஆகவே தேவாலயங்களைக் காலையிலேயே பார்த்துவிடுங்கள். திங்கட்கிழமை வேண்டவே வேண்டாம்: அன்று சாந்தா கொரோனா தேவாலயம் திறக்காது. பெல்லினி வரைந்த இயேசுவின் திருமுழுக்கு ஓவியம் அங்கேதான் இருக்கிறது.

அடுத்து வில்லா ரொத்தோந்தா. இது தனியார் வீடு. வாரத்தில் சில நாட்கள்தான் வீட்டுக்குள் விடுவார்கள், குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள். அன்றைய நேரத்தைப் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள்.

இங்கே நடக்கும் பெரிய தவறு வேறு. நான்கு பக்கமும் ஒரே மாதிரி என்று ஒரு பக்கத்தைப் படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். நான்கு பக்கமும் காட்சி அழகாக இருப்பதால்தான் நான்கு பக்கமும் மண்டபம் வைத்தேன் என்று வீட்டை வடிவமைத்த கட்டடக் கலைஞர் பல்லாடியோவே 1570-இல் எழுதியிருக்கிறார். அது வெளியே பார்ப்பதற்காகக் கட்டிய வீடு. ஒவ்வொரு மண்டபத்திலும் தூணில் சாய்ந்து, வீட்டுக்கு முதுகைக் காட்டிக் கொஞ்ச நேரம் நில்லுங்கள். ஒரு பக்கம் குன்று, இன்னொரு பக்கம் வயல்வெளி. அப்போதுதான் அந்த வீடு புரியும்.

டாக்சியில் வந்தவர்கள் அப்படியே டாக்சியில் போய்விடுவார்கள். அங்கிருந்து சிறிய பாதையில் ஏறினால், கொஞ்ச நடையிலேயே வில்லா வல்மரானா. மதிலில் வரிசையாகக் கல் குள்ளர்கள் நிற்பார்கள். உள்ளே இருப்பவை ஓவியர்களான தியேப்போலோ அப்பா, மகன் இருவரின் சுவரோவியங்கள். பெரிய வீட்டில் அப்பாவின் காவியக் காட்சிகள். அதோடு போதுமென்று வந்துவிடாதீர்கள். பக்கத்து விருந்தினர் வீட்டில் மகன் 1757-இல் தீட்டிய சுவரோவியங்கள் இருக்கின்றன: குடியானவர்கள் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், இளைப்பாறுகிறார்கள். எனக்கு அப்பாவை விட மகன்தான் பிடிக்கும்.

அப்புறம் மொந்தே பேரிகோ. கொள்ளைநோய்க் காலத்தில், 1428-இல் எழுந்த மாதா கோயில் அது. கோடையிலும் தோளை மூட ஒரு துணி வைத்துக்கொள்ளுங்கள். பீடத்தை வணங்கிவிட்டு அப்படியே இறங்கிவிடாதீர்கள். பக்கத்திலுள்ள மடத்தின் உணவுக்கூடத்தில் வெரொனேசே 1572-இல் வரைந்த பெரிய விருந்து ஓவியம் இருக்கிறது. 1848 போரில் ஆஸ்திரியப் படைவீரர்கள் அதை 32 துண்டுகளாகக் கிழித்தார்கள். துண்டுகளை ஒட்டவைத்துச் சீராக்கி, பழைய இடத்திலேயே மாட்டியிருக்கிறார்கள்.